எழுத்துநிலை மண்டபமும் ஃபோர்டு தொழிற்சாலையும்

பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் நப்பண்ணனார் பாடியது. செவ்வேளை வழிபடத் திருப்பரங்குன்றம் சென்ற மதுரை மக்கள், அங்கே ஓவியம் தீட்டிய மண்டபம் ஒன்றைக் கண்டு மகிழும் காட்சி அதில் வருகின்றது. கூட்டத்தில் ஒருவர் ஒரு படத்தைச் சுட்டி, அதில் உள்ளவர் யாவர் எனக் கேட்கிறார். உடன் வந்தவர், காமனும் இரதியும் அவர்கள் என்று விடை சொல்கிறார். வேறொரு சுவரில் அகலிகை கதை; பூனை வடிவெடுத்த இந்திரனையும், சினங்கொண்ட கௌதமனையும் காட்டி ஒருவர் மற்றவருக்கு விளக்குகிறார். அம்மண்டபத்திற்குப் புலவர் இட்ட பெயர் எழுத்துநிலை மண்டபம். மணிமேகலையிலும் புகார் நகரத்து மாடங்களின் சுதைச் சுவர்களில் தீட்டிய ஓவியங்களைத் தெருவில் நின்று பார்ப்போர் வருகின்றனர். ஆயினும் பரிபாடற் காட்சிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. படத்தைப் பற்றிப் புலவர் கூறுவது சிறிது; படத்தைப் பார்ப்போர் தம்முள் பேசிக்கொள்வதையே அவர் பெரிதும் காட்டுகிறார். யார் இவர் என்று கேட்பார் ஒருவர், இன்னார் என்று சொல்வார் ஒருவர். இவ்விருவரும் இல்லாதவிடத்து மண்டபம் வெறுஞ்சுவரே.

பழைய பாட்டை இங்கு நினைவூட்டக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் ஒரு கூடத்தின் வாசலில் எழுதிய பெயர் இரண்டே நாளில் மாற்றப்பட்டது. அக்கூடத்தின் வரலாற்றில் தமிழ்த் தோட்டத் தொழிலாளிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதைச் சுட்டிக் கேட்பாரும் சொல்வாரும் மிகச் சிலராகவே இருந்து வந்திருக்கின்றனர்.

புக்கிட் பாஞ்சாங் என்னும் மலாய்ப் பெயருக்கு நீண்ட குன்று என்பது பொருள். தெற்கே புக்கிட் தீமா மலையை நோக்கித் தொடராகச் செல்லும் குன்றுகளால் வந்த பெயர் அது. இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளும், 1999 இல் ஓடத் தொடங்கிய இலகு இரயிலும் கொண்ட நகர்ப்பகுதியாகிவிட்ட அவ்விடம், ஒரு காலத்தில் பத்தாம் கட்டையில் இருந்த சிறு கிராமம். அங்கிருந்து மேல் புக்கிட் தீமா சாலையில் தெற்கே சிறிது தூரம் சென்றால், சாலையோரத்தில் வெண்ணிறமான, நேர்கோடுகளால் ஆன முகப்புடைய தாழ்ந்த கட்டடம் ஒன்று தென்படும். அதுவே பழைய ஃபோர்டு தொழிற்சாலை. எமில் பிரிசே என்னும் பிரெஞ்சுக்காரர் வரைந்த திட்டப்படி எழுந்தது. தென்கிழக்காசியாவிலேயே மோட்டார் வண்டிகளைப் பூட்டி முடிக்கும் முதல் தொழிற்சாலை என்ற பெருமையோடு 1941 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. பெருமை நீடிக்கவில்லை. இரண்டு மாதத்திற்குள் மலாயாவில் போர் மூண்டது. மோட்டார் வண்டி பூட்ட வேண்டிய கைகள் பெட்டிகளில் வந்திறங்கிய போர் விமானங்களைப் பூட்டின.

பட்டறையில் ஒரு மேசை

1942 பிப்ரவரி 8 ஆம் நாள் இரவு ஜப்பானியப் படைகள் ஜொகூர் நீரிணையைக் கடந்து தீவின் வடமேற்குக் கரையில் இறங்கின. பத்தாம் நாள் இரவு அவர்களுடைய டாங்கிகள் சுவா சூ காங் சாலை வழியாகப் புக்கிட் பாஞ்சாங்கை அடைந்து, அங்கிருந்து தெற்கே திரும்பிப் புக்கிட் தீமாவை நோக்கி விரைந்தன. எதிர்நின்ற பன்னிரண்டாம் இந்தியப் படைப்பிரிவில் ஐதராபாத் ரெஜிமெண்டைச் சேர்ந்தோரும் ஸ்காட்லாந்து வீரரும் இருந்தனர். மலாயா நெடுகப் பின்வாங்கிக் களைத்திருந்த அவர்களால் டாங்கிகளை நிறுத்த முடியவில்லை. உணவும் எரிபொருளும் சேமித்து வைக்கப்பட்டிருந்த புக்கிட் தீமா மறுநாள் வீழ்ந்தது. ஜெனரல் யமஷிதா ஃபோர்டு தொழிற்சாலையைத் தம் தலைமையிடமாக்கிக் கொண்டார்.

பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. சீனர்களின் புத்தாண்டு நாள். அன்று மாலை ஐந்து மணிக்கு மேல் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், பிரிகேடியர்கள் டாரன்ஸ், நியூபிகின், ஜப்பானிய மொழி அறிந்த மேஜர் வைல்டு ஆகிய மூவருடன் வெள்ளைக் கொடியும் தம் நாட்டுக் கொடியும் தாங்கி அக்கட்டடத்திற்குள் நடந்து வந்தார். ஒரு நீண்ட மேசையின் இருபுறமும் இரு தரப்பாரும் அமர்ந்தனர். ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. ஆம் அல்லது இல்லை என்ற ஒரு சொல்லையே யமஷிதா கேட்டு நின்றார் என்பர். 6.10 மணிக்குக் கையெழுத்தாயிற்று. மறுநாளிலிருந்து நகரின் கடிகாரங்கள் டோக்கியோ நேரத்திற்கு மாறலாயின. சில நாளில் ஊரின் பெயரும் மாறியது. சியோனான் தோ, அதாவது தெற்கின் ஒளித்தீவு. பெயர் அழகானதுதான். அப்பெயரால் வழங்கிய மூன்றரை ஆண்டுகள் எத்தகையன என்பதைத் தீவின் முதியோர் நன்கு அறிவர்.

வென்றவர் தீட்டிய ஓவியம்

அம்மேசையைச் சுற்றி நடந்தது விரைவில் ஓவியமாயிற்று. ஜப்பானிய இராணுவம் தன் ஓவியர்களையும் போர்முனைகளுக்கு அனுப்பிய காலம் அது. மியாமோத்தோ சபுரோ என்பார் அவ்வாறு தெற்கே வந்தவருள் ஒருவர். யமஷிதாவும் பெர்சிவலும் சந்தித்த காட்சியை ஆளுயரப் பெருங்கித்தானில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டினார். அது 1942 டிசம்பரில் டோக்கியோவில் திறக்கப்பட்ட மகா கிழக்காசியப் போர் ஓவியக் கண்காட்சியில் வைக்கப்பட்டு மக்கள் திரளாக வந்து காணும் படமாயிற்று. அடுத்த ஆண்டு அரச கலைக்கழகத்தின் பரிசும் அதற்குக் கிடைத்தது.

இவ்வோவியத்தின் பின்வரலாறு ஓவியத்தினும் சுவையானது. போரில் ஜப்பான் தோற்றபின் அமெரிக்கர் இத்தகைய போர் ஓவியங்களைத் திரட்டி, 1951 இல் 153 படங்களைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். பரிசு பெற்ற படங்கள் கைதிகளாகக் கப்பலேறின என்றே சொல்லலாம். 1970 இல் அவை திரும்பி வந்தன. ஆனால் உரிமையாக அன்று, கால வரையறை இல்லாத இரவலாக. இன்றும் டோக்கியோ தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவை இரவற் பொருள்களே. போற்றுவதா மறைப்பதா என்று சொந்த நாட்டுக்கே தெளிவில்லாத ஓவியங்களின் நிலை அது. உண்மையான மேசையோ ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில், கான்பரா நகரில் இருக்கிறது. ஆகவே ஃபோர்டு தொழிற்சாலையில் அந்நிகழ்ச்சி நடந்த அறை மட்டுமே எஞ்சியது.

ஆக்கிரமிப்புக் காலத்தில் சிங்கப்பூரில் ஒவ்வொருவர் கண்ணிலும் நாள்தோறும் பட்ட சித்திரம் எது என்று கேட்டால், பத்து வெள்ளி நோட்டில் அச்சிட்ட வாழைமரத்தைத்தான் சொல்ல வேண்டும். வாழைமர நோட்டு என்ற பெயரே நிலைத்துவிட்டது. முதலில் மதிப்புடன் வழங்கிய அந்நோட்டு, இறுதியில் கட்டுக்கட்டாகக் கொடுத்தாலும் ஒரு படி அரிசிக்குப் போதாத நிலைக்கு வந்து, போர் முடிந்ததும் குப்பையாயிற்று.

வேறு வகைச் சித்திரங்கள் மறைவில் உருவாயின. வில்லியம் ஹாக்ஸ்வர்த் என்பவர் போர்ச்சேதக் காப்பீட்டுத் துறையில் தலைமை விசாரணையாளராக இருந்தவர். தொழில்முறை ஓவியர் அல்லர். சாங்கி சிறையிலும், பின்னர் சைம் ரோடு முகாமிலும் அடைபட்டிருந்தபோது, கிடைத்த தாள்களில் காவலர் கண்ணுக்குத் தப்பி 300 க்கும் மேற்பட்ட படங்களை வரைந்தார். நெருக்கமான சிறையறை, மெலிந்த உடல், உணவுக்கு நிற்கும் வரிசை, இவையே அவர் பொருள்கள். அவற்றில் பலவற்றில் நகைச்சுவை இழையோடுகிறது. பசித்தவன் தன்னையே பார்த்துச் சிரித்துக்கொள்ளும் சிரிப்பு. அவருடைய மனைவியார் 1986 இல் அவற்றைச் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்திற்கு நன்கொடையாக அளித்தார்.

சாங்கி ராபர்ட்ஸ் முகாமில் நோயுற்றுக் கிடந்த ஸ்டான்லி வாரன் என்னும் படைவீரர் 1942 இல் சிறு வழிபாட்டறையின் சுவர்களில் ஏசுநாதர் வரலாற்றை ஐந்து சித்திரங்களாக எழுதினார். பின்னர் அச்சுவர்கள் மீது சுண்ணப்பூச்சு ஏறியது, படங்கள் மறைந்தன, 1958 இல் தற்செயலாக மீண்டும் வெளிப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931 இல் எஸ்.கே. கோவிந்தசாமி அவர்கள் கண்டறிந்த செய்தி தமிழாசிரியர்க்கு நினைவு வரக்கூடும். வாரன் உயிரோடிருந்தார், எனவே மும்முறை இங்கிலாந்திலிருந்து வந்து தம் ஓவியங்களைத் தாமே புதுப்பித்தார். சிங்கப்பூரின் புகழ்பெற்ற ஓவியர் லியு காங், ஜப்பானியர் இழைத்த கொடுமைகளைக் கேட்டறிந்தவாறு வரைந்த கோட்டுச் சித்திரங்கள் 1946 இல் நூலாக வந்தன. மியாமோத்தோவின் கித்தானுக்கு அப்படங்களே மறுமொழி எனலாம்.

வாசலில் எழுதிய பெயர்

போருக்குப் பின் 1947 இல் தொழிற்சாலை மீண்டும் மோட்டார் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. 1980 இல் மூடப்பட்டது. பின்பகுதி இடிபட்டு, முன்பகுதி மட்டும் அரசின் கைக்கு வந்தது. அது 2006 பிப்ரவரி 15 ஆம் நாள் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, உடனே பொதுமக்களுக்கான கூடமாகவும் திறக்கப்பட்டது. ஹாக்ஸ்வர்த் படங்களைக் காக்கும் தேசிய ஆவணக் காப்பகமே இக்கூடத்தையும் நடத்தி வருகிறது.

இதனோடு இணைத்து எண்ணத்தக்க மற்றொரு கட்டடம் உண்டு. 1945 செப்டம்பர் 12 ஆம் நாள் ஜப்பானியர் சரணடைந்த சடங்கு பாடாங் திடலுக்கு எதிரே உள்ள நகராண்மைக் கட்டடத்தில், மவுண்ட்பேட்டன் பிரபுவின் முன்னிலையில் நடைபெற்றது. பிற்காலத்தில் சிட்டி ஹால் எனப் பெயர் பெற்ற அக்கட்டடம் பழைய உயர்நீதிமன்றத்துடன் இணைக்கப்பட்டு, 2015 நவம்பரில் தேசிய கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. பிரிட்டிஷார் தோற்ற இடமும் ஜப்பானியர் தோற்ற இடமும் ஆக இரண்டும் இன்று காட்சிக்கூடங்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. ஆயினும் வேறோர் ஊரில் இப்பொருத்தம் எளிதிற் கிடைக்காது.

ஃபோர்டு தொழிற்சாலைக் கூடம் ஓராண்டு மூடப்பட்டுப் புதுக்கப்பட்டது. சிங்கப்பூர் வீழ்ந்து எழுபத்தைந்து ஆண்டு நிறைந்த நாளான 2017 பிப்ரவரி 15 ஆம் நாளன்று திறப்பு விழா நடந்தது. பொதுவாகக் கூடங்களின் திறப்பு விழாவில் வந்தோர் சுவரைப் பார்ப்பதைவிட ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதே மிகுதி. படத்தை மறுநாள் வரும் பள்ளிப்பிள்ளைகளே நின்று பார்ப்பர். இம்முறை அப்படி இல்லை. வாசலில் எழுதிய பெயரிலேயே எல்லார் கண்ணும் நின்றது. போரும் அதன் எச்சங்களும் என்னும் விளக்கத்தோடு, சியோனான் காட்சிக்கூடம் என்று அதற்குப் பெயர் சூட்டியிருந்தனர்.

திறப்புக்கு முன்னரே முணுமுணுப்பு எழுந்திருந்தது. பெயர் வெளிவந்ததும் அது பெருங்குரலாயிற்று. இருண்ட காலத்தை மறவாதிருக்கவே அச்சொல் எடுக்கப்பட்டது, வாழ்த்துவதற்கன்று, என்று பொறுப்பிலிருந்தோர் விளக்கினர். கேட்டோர் மனம் ஆறவில்லை. தந்தையையும் தமையனையும் லாரியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சுட்ட ஆட்சியின் பெயரை மீண்டும் ஒரு கட்டடத்தின் நெற்றியில் எழுதுவதா என்று சீனக் குடும்பத்தார் பலர் வருந்தினர். சூக் சிங் எனப்படும் அக்கொலைகளில் மாண்டோர் ஐயாயிரம் என ஜப்பானியர் கணக்கு; அதனினும் பன்மடங்கு எனச் சீனர் கணக்கு. பிப்ரவரி 17 ஆம் நாள் அமைச்சர் யாக்கோப் இப்ராஹிம் அவர்கள் மனம் புண்பட்டோரிடம் வருத்தம் தெரிவித்தார், பெயர் மாற்றப்பட்டது. ஜப்பானிய ஆக்கிரமிப்பைத் தாங்கி வாழ்ந்ததைக் குறிக்கும் புதுப் பெயர் வந்தது.

இவ்வழக்கில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. வரலாற்றிலிருந்து ஒரு சொல்லை அழித்துவிட்டால் நடந்தது நடவாததாகிவிடாது. ஆயினும் சொல் நிற்கும் இடம் அதன் பொருளை மாற்றுகிறது. கண்ணாடிப் பேழைக்குள், பழைய செய்தித்தாளின் தலைப்பில் சியோனான் என்று இருந்தால் அது சான்று. வாசலுக்கு மேல் இருந்தால் அது முகவரி. அருகிலுள்ள புக்கிட் பாத்தோக் குன்றின் உச்சியில், போர்க்கைதிகளின் உழைப்பைக் கொண்டு 1942 இல் எழுப்பப்பட்ட ஜப்பானிய நினைவுத்தூணும் சியோனான் என்ற பெயரையே தாங்கி நின்றது. 1945 இல் அது தகர்க்கப்பட்டது. ஏறிச் செல்லும் நெடும்படிக்கட்டு மட்டும் இன்றும் இருக்கிறது. அப்படிக்கட்டுக்கு இவ்வளவு அண்மையில் அதே சொல்லை மீண்டும் எழுதியது கவனக்குறைவு என்றே சொல்லத் தோன்றுகிறது.

எழுதப்படாத முகங்கள்

2017 ஆம் ஆண்டுச் சர்ச்சையில் பெரிதும் ஒலித்தது சீனரின் துயரம். அது இயல்பே. தமிழர் குரல் தணிந்திருந்ததற்கும் காரணம் உண்டு. ஜப்பானியர் காலத்தைப் பற்றிய தமிழர் நினைவு ஒரே நிறமானதன்று. சரணடைந்த மறுநாளுக்கு மறுநாள், 1942 பிப்ரவரி 17 அன்று, சிராங்கூன் சாலைக்கு அருகில் உள்ள ஃபேரர் பார்க் திடலில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரர் நிறுத்தப்பட்டனர். அவர்களை ஜப்பானிய அதிகாரி புஜிவாரா பெற்றுக்கொண்டார். மோகன் சிங் பேசினார். இந்திய தேசிய இராணுவத்தின் வித்து அங்கே விழுந்தது. 1943 ஜூலையில் கேத்தே அரங்கில் சுபாஷ் சந்திர போஸ் தலைமை ஏற்றபின், தோட்டங்களிலிருந்து தமிழ் இளைஞரும் ஜான்சி ராணிப் படையில் சேரத் தமிழ்ப் பெண்களும் திரண்டனர். ஆகவே பல தமிழ்க் குடும்பங்களில் நேதாஜியின் படம் கூடத்துச் சுவரில் பூமாலையோடு தொங்கியது. அதே குடும்பத்தில் சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவரும் இருந்தார். அவருக்குப் படம் இல்லை.

சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையை 1942 நடுவிலிருந்து 1943 அக்டோபருக்குள் ஜப்பானியர் போட்டு முடித்தனர். வெள்ளையர் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அதில் வேலை செய்தனர். 12,000 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் கொண்டுவரப்பட்டனர். மலாயாவிலிருந்து போனோர் மட்டும் 75,000 க்கும் மேல். அவருள் மிகப் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டத்துத் தமிழர். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று முதலில் ஆசை காட்டினர். பின்னர் கங்காணியிடமும் கிராணியிடமும் பெயர்ப்பட்டியல் கேட்டனர். இலவசப் படக்காட்சி என்று அழைத்து, கொட்டகைக் கதவைப் பூட்டி, இருந்தவரை அப்படியே லாரியில் ஏற்றிய கதைகளும் உண்டு. 1943 மழைக்காலத்தில் காட்டு முகாம்களில் வாந்திபேதி பரவியது. கைதிகள் நடுவே இராணுவ மருத்துவர் இருந்தனர், அதிகாரிகள் இருந்தனர், இறந்தவர் பெயரை மறைவாகவேனும் எழுதி வைத்தனர். தோட்டத்துக் கூலிக்கு மருத்துவரும் இல்லை, ஏடும் இல்லை. திரும்பாதவர் எத்தனை ஆயிரம் என்பதில் கணக்குகள் இன்றும் மாறுபடுகின்றன.

புக்கிட் பாஞ்சாங்குக்கும் அக்காட்டுக்கும் தொடர்பு உண்டு. தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து புக்கிட் தீமா, புக்கிட் பாஞ்சாங், கிராஞ்சி வழியாக ஜொகூருக்குச் சென்ற இரயில் பாதை ஃபோர்டு தொழிற்சாலைக்கு அண்மையிலேயே ஓடியது. 1942 ஜூனில் தொடங்கி, சிங்கப்பூரிலிருந்த கைதிகளைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து சயாமின் பான் போங்குக்குக் கொண்டு சென்ற வண்டிகள் இவ்வழியேதான் வடக்கே போயின. மேலே மலாயாவில் தோட்டத்து மக்களை ஏற்றிய வண்டிகளும் அதே பாதையின் தொடர்ச்சியில் ஓடியவை. 2011 இல் சிங்கப்பூருக்குள் அப்பாதை நிறுத்தப்பட்டுத் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. புக்கிட் தீமாவில் சாலையைக் கடக்கும் இரும்புப் பாலங்கள் காக்கப்பட்டுள்ளன. பாதை இருந்த இடம் மக்கள் உலாவும் பசுஞ்சோலை.

அக்காட்டைக் காட்டும் ஓவியங்கள் நமக்குக் கிடைக்காமல் இல்லை. சிங்கப்பூரில் பிடிபட்ட இளம் பிரிட்டிஷ் படைவீரர் ரொனால்டு சியர்ல் சாங்கியிலும் சயாம் பாதையிலும் வரைந்துகொண்டே இருந்தார். வாந்திபேதி கண்டு சாகக் கிடப்போரின் படுக்கைக்கு அடியில் காவலர் கை வைக்க அஞ்சுவர் என்று அறிந்து, படங்களை அங்கே ஒளித்தார். தப்பிய முந்நூறு படங்கள் அளவில் இப்போது இலண்டன் போர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஜாக் சாக்கர் என்பவரும் முகாம் மருத்துவமனைகளை வரைந்தார். இவர்கள் அஞ்சாது செய்த பணியை எவ்வளவு போற்றினாலும் தகும். எனினும் ஒன்றை ஆசிரியர் தம் மாணவர்க்குச் சொல்ல வேண்டும். கைதி தன் தோழனை வரையும்போது அவனுக்கு முகமும் பெயரும் இருந்தன. அயலிலிருந்த தமிழ்த் தொழிலாளி அவன் கண்ணில் பட்டபோது, இரக்கத்தோடு பட்டாலும், பெயரறியாத ஒரு கூட்டமாகவே பட்டான். வரைந்தவன் மீது குறை இல்லை. இருவருக்கும் இடையே மொழி இல்லை. அத்தொழிலாளியைச் சுட்டி இவர் யார் என்று கேட்டால் இன்னார் மகன், இன்ன தோட்டம் என்று சொல்லத்தக்கவர் எழுதுகோல் பிடித்தறியாத மனைவியும் மக்களுமே.

கிராஞ்சியில் 1957 இல் திறக்கப்பட்ட போர் நினைவகம் புக்கிட் பாஞ்சாங்குக்கு வடக்கே அதே சாலைத் தொடரில் இருக்கிறது. கல்லறை அறியப்படாத 24,000 க்கும் மேற்பட்ட படையினரின் பெயர்கள் அதன் தூண்களில் செதுக்கப்பட்டுள்ளன. இந்தியப் படையினரும் அவருள் அடங்குவர். தமிழ்ப் பெயர்களைத் தேடிப் படிக்கலாம். சீருடை அணிந்திருந்த தமிழனுக்குக் கல்லில் இடம் கிடைத்தது. சயாமுக்குப் போன தமிழனுக்குச் சீருடை இல்லை. ஆதலால் அந்தக் கல்லிலும் இடமில்லை.

அவ்வாறாயின் அவர்கள் நினைவு எங்கே தங்கியது? பெரும்பாலும் வாய்மொழியில். 1979 இல் சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பட்டது. 1981 முதல் ஜப்பானியர் காலத்தைக் கண்டோரின் நினைவுகள் ஒலிநாடாக்களில் பதிவாயின. மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலை எழுதினார். தமிழ் ஓவியர் இதைத் தொடவேண்டிய அளவு தொடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓவியக் கண்காட்சிகளில் பரத நாட்டிய முத்திரைகளையும் கோபுரங்களையும் ஆண்டுதோறும் கண்டு மகிழும் நாம், தோட்டத்து லயத்து வாசலில் கணவன் வரும் வழி பார்த்து நின்ற பெண்ணை எத்தனை கித்தான்களில் கண்டோம்? புகைப்படம் இல்லாதவரை ஓவியமே மீட்க இயலும். கற்பனை என்று அதைத் தள்ளிவிடுவதற்கில்லை. பரங்குன்றத்து மண்டபத்து அகலிகையையும் ஓவியர் நேரிற் கண்டு எழுதினாரல்லர்.

ஓவியத்திற்கு முன்னே தமிழர் அறிந்த நினைவுச்சின்னம் கல். போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் ஆறு படிகளாக வகுக்கிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நட்ட கல்லை வாழ்த்துவதில் அது முடிகிறது. அக்கல்லில் வீரனின் பெயரையும் சிறப்பையும் எழுதினர் என்று அகநானூற்றுப் புலவர் பலர் கூறுகின்றனர். வழிப்போக்கர் நின்று அவ்வெழுத்தைப் படித்தனர். செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களில், ஆனிரை மீட்டு இறந்த எளிய ஊரவனின் உருவும் ஊரும் பேரும் இன்றும் படிக்கத்தக்க நிலையில் உள்ளன. அரசன் பெயர் கல்லின் தலைப்பில் ஆண்டைக் குறிக்கவே வரும்; கல் அந்த எளியவனுக்கே உரியது.

சயாமுக்குச் சென்றோர் வாளேந்திப் போரிட்டவர் அல்லர். ஆயினும் இம்மரபை அவர்களுக்கும் உரியதாக்க மலேசியத் தமிழர் சிலர் துணிந்தனர். இதற்கெனவே அமைந்த ஆர்வலர் குழுவினரின் முயற்சியால், தாய்லாந்தின் காஞ்சனபுரி நகரில், வாட் தாவோர்ன் வராராம் என்னும் பௌத்தக் கோயில் வளாகத்தில் 2023 ஆம் ஆண்டு அத்தொழிலாளர்க்கு நினைவுச்சின்னம் ஒன்று எழுந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் நடுகல். ஆங்கிலச் செய்தித்தாள்களும் அச்சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதின.